நான் தூங்கல டீச்சர்

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற மனிதர் அவர். காலை ஏழரை மணிக்கு மோகனூரில் பள்ளிக்கூட பஸ்ஸின் முதல் படியில் நான் கால் வைப்பதற்குள், "நான் தூங்கல டீச்சர்" என்பார். தூங்கினீர்களா என்று நான் கேட்டிருக்கவே மாட்டேன். ஸ்டீயரிங் மேல் முழங்கை இரண்டையும் ஊன்றி, முகத்தை அதில் புதைத்துக் கிடந்தவர், என் செருப்புச் சத்தத்துக்கு நிமிர்ந்து சொல்கிற முதல் பேச்சு அது. கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருக்கும். சட்டையின் மேல் பித்தான் கழுத்துக்கு எட்டாமல் எப்போதும் திறந்தே கிடக்கும். அந்தக் கழுத்துக்குத் தகுந்த அளவில் எங்கள் பள்ளிக்கூடத்தில் காக்கிச் சட்டை தைக்க முடியவில்லை.

பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேசமாட்டார். அவர் கோபத்தை ஒரு தடவை பார்த்தது போதும். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் ரிக் அண்ணன். எங்களிடம் டிரைவராக வருவதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் கம்ப்ரசர் ஓட்டியவர். வடக்கே போனால் வீடு திரும்ப ஆறு மாதம் ஆகுமாம். காற்றை முன்னூறு பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் பூமிக்குள் அனுப்பிப் பாறைத் தூளை வெளியே தள்ளுகிற வேலை. அந்த இரைச்சலில் பேசிப் பழகிய தொண்டை என்பதால், சாதாரணமாகப் பேசினாலே கடைசி சீட்டுப் பிள்ளைகளுக்குக் கேட்கும்.

நான் கணக்கு டீச்சர். போதாக்குறைக்கு பஸ் இன்சார்ஜ் என்கிற பொறுப்பையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். ஒன்பது வருடம் அவர் பஸ்ஸில் நாமக்கல் பக்கம் போய் வந்தேன். இஞ்சின் பெட்டிக்கு இடப்பக்கம் இருந்த ஒற்றை சீட் என்னுடையது. அங்கே உட்கார்ந்தால் டிரைவர் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் அவர் கண் தெரியும். ஒன்பது வருடமும் நான் வேடிக்கை பார்த்தது அந்தக் கண்ணைத்தான். ரோடு கொஞ்ச தூரம் வாய்க்காலை ஒட்டியே போகும். பஸ்ஸில் நாற்பத்தொரு பிள்ளைகள். நீச்சல் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்று ஒரு நாள் சும்மா விளையாட்டுப்போலக் கேட்டேன். ஆறு பேர் தூக்கினார்கள்.

அன்றிலிருந்து வாய்க்கால் ரோடு வந்தால் நான் பேச ஆரம்பித்துவிடுவேன். கரும்பு டிராக்டர் முன்னால் போனால் அதைப் பற்றி, எதுவும் போகாவிட்டால் அதைப் பற்றி. வகுப்பில் பேசாதே பேசாதே என்று பிள்ளைகளை அடக்குகிற நான், பஸ்ஸில் வாய் ஓயாமல் பேசுகிறேன் என்று ஆயாம்மா எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். பஸ்ஸில் சின்னப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள் அவள். அவளுக்கும் காரணம் தெரியும். நான் லீவு போட்ட நாட்களில் அவளே முன்னால் வந்து நின்றுகொண்டு, அவரிடம் குழம்பு வைத்த கதையைச் சொல்லிக்கொண்டு வருவாளாம்.

எங்கள் பேச்சுக்கு அவரும் ஈடுகொடுப்பார். "தூக்கமெல்லாம் பழக்கந்தானுங்க டீச்சர். ரெண்டு நாள் கண்ணே மூடாம கம்ப்ரசர் மேல நின்னிருக்கறனுங்க. தூங்குனா ஆளு காலி" என்பார். பிறகு ஒடிசாப் பக்கம் நடந்த கதை வரும். துளை போடுகிற ராடு மாற்றும்போது காற்றை நிறுத்த வேண்டும். நிறுத்த வேண்டிய லீவரில் கை வைத்தபடி ஒருத்தன் நின்றவாக்கிலேயே கண் அசந்துவிட்டான். காற்றுப் போகிற ஓஸ் குழாய் பிடுங்கிக்கொண்டு வந்து சுழன்று அடித்தது. எதிரே நின்ற ஆளுக்கு ஒரு கண் போயிற்று. "தொடை தண்டி ஓஸுங்க. காத்து உள்ளார இருக்கறப்ப அத நம்பவே கூடாது. அந்த ஒருத்தன் மட்டும் தூங்காம இருந்திருந்தான்னா" என்று நிறுத்துவார். அதற்குமேல் சொல்லமாட்டார். இருபது தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில்தான் நிற்கும்.

ஒரு நாள் பரீட்சைத் தாள் கட்டு ஒன்றை பஸ்ஸிலேயே மறந்து வைத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு மணிக்கு ஷெட்டுக்கு ஓடினேன். தூரத்திலேயே குறட்டை கேட்டது. காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் அவர் பஸ்ஸின் கடைசி சீட்டில் படுத்துக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான். "ரிக்கு ஓடுது" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். நான் படியேறினபோது சத்தம் சட்டென்று நின்றது. எழுந்துவிட்டார் போலிருக்கிறது என்று உள்ளே போனேன். எழவில்லை. வாய் திறந்திருக்கிறது, நெஞ்சும் வயிறும் ஏற முயற்சி செய்கின்றன, மூச்சு மட்டும் வரவில்லை. பயந்தால் எண்ண ஆரம்பிப்பது என் சுபாவம். பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். இருபத்தேழில் ஆளே தூக்கிப்போட்டது மாதிரி ஒரு இழுப்பு இழுத்து, மூச்சு திரும்பி வந்தது. கண் விழித்து என்னைப் பார்த்தார்.

"நான் தூங்கல டீச்சர்."

"தூங்கல, சரிங்ணா. மூச்சு நின்னுபோச்சு, அது தெரியுமா உங்களுக்கு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங். கண்ண மூடி யோசிச்சுட்டு இருந்தேன்."

பிள்ளைகளிடமும் அவர் தினமும் சொல்கிற சாக்கு அது. யோசிக்கிற ஆளுக்கு மூச்சு நிற்குமா என்று சண்டை பிடித்திருக்க வேண்டும். பெல் அடித்துவிட்டது. தாள் கட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் போட்ட கணக்கு இரண்டும் தப்பு.

அவருக்கும் எனக்கும் பொதுவான சமாசாரம் ஒன்று இருந்தது. இரண்டு பேருக்கும் சர்க்கரை. நாமக்கல்லில் ஒரே டாக்டரம்மாவிடம்தான் போய்க்கொண்டிருந்தோம். சனிக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்துவிட்டு, எதிர்க்கடையில் இட்லி தின்றுவிட்டு, மறுபடி ரத்தம் கொடுக்கக் காத்திருக்கும்போது சட்னி தொட்டுக்கொள்வதில் கூட ஒருவரையொருவர் அதட்டிக்கொள்வோம். வருடத்துக்கு ஒரு தடவை பள்ளிக்கூடத்தில் டிரைவர்களுக்கெல்லாம் மருத்துவப் பரிசோதனை கேம்ப் நடக்கும். அதற்கு மூன்று நாள் முன்னாலிருந்து எங்கள் டிரைவர்கள் அத்தனை பேரும் ராகிக் களிக்கும் வெந்தயத்துக்கும் மாறிவிடுவார்கள். அதற்கு அவர்களே வைத்த பெயர் கேம்ப் களி. மூன்று நாள் களியில் வெறும் வயிற்றுச் சர்க்கரை இறங்கிவிடும். பாஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நாலாம் நாள் எல்லோரும் பரோட்டாக் கடையில் இருப்பார்கள். இந்த வித்தையில் ரிக் அண்ணன்தான் மற்றவர்களுக்கு வாத்தியார்.

டாக்டரம்மாவிடம் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனையை எழுதிவிட்டார். ஏழுக்குள் இருக்க வேண்டியது ஒன்பதரை வந்தது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டார். போடுகிறேன் என்றார் ரிக் அண்ணன். அது உண்மைதான், அந்த விஷயத்தில் அவர் பொய் சொல்லமாட்டார்.

"ராத்திரி ஒண்ணுக்கு எத்தன தடவ எந்திரிக்கறீங்க?"

"நாலஞ்சு தடவைங்க. சுகருக்கு அது சகஜந்தானுங்களே."

"காலைல எந்திரிச்சா தலவலி இருக்குதா? பகல்ல தூக்கம் வருதா? ஊட்டுல குறட்டைன்னு யாராச்சும் சொல்றாங்களா?"

"அதெல்லாம் இல்லீங் டாக்டர்."

அடுத்த டோக்கன் என்னுடையது. கதவுப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நாக்கு நிற்கவில்லை. "குறட்டை மட்டுமில்லீங்க டாக்டர், மூச்சே நின்னுபோகுது. இருபத்தேழு எண்ணியிருக்கேன். இவுரு ஓட்டற பஸ்ஸுல நாப்பத்தொரு கொழந்தைங்க போகுது" என்று கொட்டிவிட்டேன்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்கிறது, மூச்சு நின்றதும் உடம்பு பதறிப்போய் எழுப்பிவிடுகிறது, ராத்திரி முழுக்க இப்படியே நடந்தால் தூங்கினது தூக்கத்தில் சேராது, அந்தப் பதற்றத்தில் சர்க்கரையும் ஏறும் என்று பொறுமையாக விளக்கினார். ரிக் அண்ணன் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லிப்போட்டீங்களே டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த ஒரு வாரத்தைப்போல ஒரு வாரம் என் விரோதிக்கும் வர வேண்டாம். நான் பேசினால் பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் விழித்திருக்கிறாரா என்று தெரியாது. வாய்க்கால் ரோடு முழுக்க நான் இருமிக்கொண்டே போனேன். தண்ணீர்ப் பாட்டிலை வேண்டுமென்றே கீழே போட்டேன். ஆயாம்மா என்னைப் பார்த்து, டீச்சருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தீர்மானித்துவிட்டாள்.

டாக்டரம்மா அனுப்பிவைத்தபடி சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி முழுக்க அவரை ஒயர்களை ஒட்டிப் படுக்கவைத்துச் சோதித்தார்கள். மணிக்கு நாற்பத்திரண்டு தடவை மூச்சு தடைப்படுகிறது என்று வந்தது. மூக்கில் மாஸ்க் மாட்டி, ஒரு குழாய் வழியாகக் காற்றை லேசாக ஊதி, தொண்டை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற மெஷினை எழுதிக்கொடுத்தார்கள். நாமக்கல் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மெஷினில் ஒரு மாதம் தூங்கி, பதிவைக் கொண்டுவந்து தன்னிடம் காட்டி, தான் சரி என்று சொன்ன பிறகுதான் ஸ்டீயரிங்கைத் தொடவேண்டும். "இத மாட்டுனா சுகர் எறங்கியே தீரும்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். சிலருக்குக் கொஞ்சம் எறங்குது, சிலருக்கு அசையறதில்ல. மாத்திரைய நிறுத்தீராதீங்க. ஆனா பஸ்ஸு ஓட்டறதுக்கு இது வேணும்" என்றார்.

அவருக்கு அந்த மெஷின் பெரிய அவமானமாக இருந்தது. "குட்டிக் கம்ப்ரசருங்க டீச்சர். சைக்கிள் டியூப்புக்குக் கூடக் காத்து பத்தாது" என்று கேலி பேசினார். கேலியாவது பேசினாரே என்று நான் சந்தோஷப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் அவரை வாசல் கேட்டில் உட்காரவைத்தார்கள். தினமும் பஸ் வெளியே போகும்போது எழுந்து நின்று டயரைப் பார்ப்பார். பின்சக்கரத்தில் காற்று குறைவு என்று ஓடிவந்து சொல்வார். மாற்று டிரைவர் ஒரு கையில் போனும் ஒரு கையில் ஸ்டீயரிங்குமாக ஓட்டுகிறவன். நான் ஒரு பயத்தை விட்டு இன்னொரு பயத்தில் ஏறிக்கொண்டேன்.

ஒரு மாதம் முடிந்தது. அவர் ஒரு காகிதத்தோடு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார். மெஷின் வாங்கின கடையில் தினப்படி எத்தனை மணி நேரம் ஓடியது என்று அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். டாக்டரம்மா ஊரில் இல்லை, வர பத்து நாள் ஆகும். மாற்று டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். அரையாண்டுத் தேர்வு தொடங்கிவிட்டது. பஸ் இன்சார்ஜ் சரி என்று எழுதினால் ஓட்டட்டும் என்றார் பிரின்சிபால்.

அந்தக் காகிதத்தை நான் படித்தேன். ஏழு மணி நேரம். ஏழு மணி ஒரு நிமிடம். ஆறு மணி ஐம்பத்தெட்டு நிமிடம். ஏழு. ஏழு. முப்பது நாளும் அப்படியே. வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே விடை, ஒரே அடித்தல் திருத்தலோடு வந்தால் காதைப் பிடித்து நிற்கவைக்கிறவள் நான். ஒரு மனிதன் முப்பது நாளும் ஒரே அளவு தூங்குவானா என்று மனசில் ஒரு முள் குத்தத்தான் செய்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். சராசரி ஏழு மணி நேரம் என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். வைத்தியம் ஆகிவிட்டதே. பேசுவதையும் விட்டேன். மடியில் தாள்களை வைத்துத் திருத்திக்கொண்டு போனேன். ஆறாம் நாள் சாயங்காலம் நாலரை மணி. வெயில் கண்ணாடியில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. பஸ் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்த மாதிரி இருந்தது. கரும்பு டிராக்டருக்கு ஒதுங்குகிறார் என்று நினைத்து நிமிர்ந்தேன். எதிரே டிராக்டர் இல்லை. ஒன்றுமே இல்லை. கண்ணாடியில் அவர் கண் மூடியிருந்தது.

என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. ரிக் என்று கத்தினேன் என்று ஆயாம்மா பிறகு சொன்னாள். அவர் பிரேக்கை மிதித்தார். பஸ் மண்ணில் இழுத்துக்கொண்டு போய், வாய்க்கால் கரையில் வெட்டிப் போட்டிருந்த தென்னந்துண்டில் இடித்து நின்றது. முன் இடது சக்கரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் என் ஸ்கேல் அளவுதான் இருந்தது. ஒரு பிள்ளைக்குக்கூட அடியில்லை. எண்ணினேன், நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினேன். மூன்றாவது தடவை எண்ணும்போது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. "நான் தூங்கல டீச்சர்" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் முன் சீட்டிலிருந்து மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அழுதுகொண்டே, "ஆமாங்க மிஸ், மாமா தூங்கல. கண்ண மூடி யோசிச்சாரு" என்றாள். தினமும் கேட்டுக் கேட்டு அந்தப் பிள்ளைக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. அதைக் கேட்டதும் அவர் சாவியைப் பிடுங்கி என் மடியில் வைத்துவிட்டு இறங்கி, வாய்க்கால் கரையில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். வேறு பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வரைக்கும் திரும்பவில்லை.

பிரின்சிபாலிடம் நானே போய்ச் சொன்னேன். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் கையெழுத்துப் போட்டது என் தப்பு என்று எழுதியும் கொடுத்தேன். மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன். அது எனக்குப் போதாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். டாக்டரம்மா ஊர் திரும்பியதும் ரிக் அண்ணனோடு நானும் போனேன். டாக்டரம்மா மெஷினுக்குள் இருந்த மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு, மணிக்கணக்கைத் தள்ளிவிட்டு அடுத்த பக்கத்தைத் திறந்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இந்த ஒரு மாசமா மெஷின் ஓடியிருக்குது. ஆனா இதுல யாருமே மூச்சு விடலியே" என்றார்.

ரிக் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவிதான் உண்மையைச் சொன்னார். "சொம்புக்கு மாட்டி உட்டாருங்க டீச்சர். சொம்பு வாயில அந்த மாஸ்க வெச்சு, துண்டப் போட்டு இறுக்கிக் கட்டிப்போடுவாரு. நாந்தான் பாலுக்கு எந்திரிக்கறப்ப ஆஃப் பண்ணுவேன். காத்தால சொம்புக்குள்ளார ஈரமா இருக்கும். இது தப்புங்கன்னு சொன்னேன். ரிக்குல எல்லாமே மீட்டர் கணக்குத்தான், மொதலாளி மணிய மட்டுந்தான் பாப்பாருன்னாரு. வண்டி சும்மா நிக்கறப்ப கம்ப்ரசர ஓட உட்டு மணி ஏத்தறதெல்லாம் அவங்களுக்குப் பழக்கமுங்க."

"அக்கா, நீங்களாவது எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா பஸ்ஸு போயிருமுன்னாருங்க. பஸ்ஸு போனா மனுசன் என்னத்துக்கு ஆவாரு."

ரிக் அண்ணன் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திட்டத்தான் போனேன். வரிசையாகச் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். ஆளைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. "மாட்டுனா என்ன ஆயிருக்கும்ணா? ஊர்ல எத்தன பேர் மாட்டிக்கிட்டுத் தூங்கறாங்க" என்றேன்.

"ஓஸுங்க டீச்சர்" என்றார். "மூஞ்சில காத்து ஓஸ இறுக்கிக் கட்டிக்கிட்டுக் கண்ண மூடுன்னா எப்புடிங்க மூடறது? அந்த ஒடிசாக் கத. தூங்குனவன் ஒருத்தன்னு சொல்வனே. அது நாந்தானுங்க."

அவர் மனைவிக்கு அது தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தம்மா முறத்தில் கடலைக்காயை உரித்துக்கொண்டிருந்தார், கை நிற்கவில்லை.

அந்தக் காற்றுக்குப் பயந்திருப்பாரோ என்று முன்னமே எனக்கு ஒரு சந்தேகம் இருந்ததால் தயாராகத்தான் வந்திருந்தேன். சேலத்தில் எழுதின சீட்டில் காற்றின் அழுத்தம் பத்து சென்டிமீட்டர் தண்ணீர், அதாவது அத்தனை ஆழத் தண்ணீரைத் தள்ளுகிற அளவு, என்று இருந்ததை நான் பார்த்திருந்தேன். கடையில் கேட்டுப் பழைய குழாய் ஒன்றும் வாங்கி வந்திருந்தேன். மெஷினை மேஜைமேல் உயரத்தில் வைத்து, அந்தக் குழாயைச் செருகி, ஒரு வாளித் தண்ணீரில் என் ஸ்கேலை நட்டுப் பிடித்தேன். "முக்குங்கண்ணா" என்றேன். குழாயின் நுனியைத் தண்ணீரில் விட்டார். குமிழ் வந்தது. இன்னும் இறக்கினார். பத்தாவது கோட்டுக்குப் பக்கத்தில் குமிழ் நின்றுபோயிற்று. மேலே தூக்கினார், வந்தது. இறக்கினார், நின்றது.

"இம்புட்டுத்தானா?" என்றார்.

"இம்புட்டுத்தான். உங்க கம்ப்ரசர்ல ரெண்டாயிரத்துல ஒரு பங்குகூட இல்ல. கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கேன்."

ஆயிரம் அடி ஆழத்துக் கிணறுகளைப் பார்த்த மனிதர், ஒரு வாளித் தண்ணீரில் ஒரு சாண்கூட இல்லாத ஆழத்தைப் பத்து தடவை முக்கி முக்கிப் பார்த்தார். ஸ்கேலைத் தானே வாங்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு குழாயை ஓரமாக வைத்தார்.

அதற்கப்புறம் அவர் பஸ் ஓட்டவில்லை. டாக்டர் சரி என்று சொன்ன காலத்திலும் வேண்டாம் என்றுவிட்டார். மூன்று மாதம் கழித்துச் சர்க்கரைச் சராசரி எட்டே முக்காலுக்கு இறங்கியது. மெஷினாலா, தினப்படி களிக்கு மாறினதாலா என்று தன்னால் பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. மாத்திரை அப்படியே தொடர்கிறது. இப்போது சேலத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறார். மலை ஏறப் போகிற பஸ்களின் டயரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். நான் இன்னும் அதே சீட்டில்தான் போகிறேன். புது டிரைவருக்கு வயது முப்பது. நல்ல பையன், குறட்டை இல்லை. ஆனாலும் கண்ணாடியில் கண்ணைப் பார்ப்பதை என்னால் விட முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடித்துவிடுகிறேன். பகலில் விழித்திருக்கும்போதே கொஞ்ச நேரம் மாட்டிப் பழகுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவர் நாற்காலியில் சாய்ந்து மாஸ்கை மாட்டினார். ஒரு நிமிடத்தில் கழற்றிவிட்டார். மறுபடி மாட்டினார். மூன்றாம் தடவை, "டீச்சர், போயராதீங்க" என்றார். போகமாட்டேன் என்றேன். கை இரண்டும் நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்தன. கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி தளர்ந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. நான் இதற்காகவே காத்திருந்தவள்போல எண்ண ஆரம்பித்தேன். ஷெட்டில் எண்ணின அதே இருபத்தேழை எதிர்பார்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்றேன். மூச்சு வந்துவிட்டது. முதலிலிருந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. வந்துவிட்டது. எத்தனை தடவை ஆரம்பித்தாலும் நாலுக்கு மேல் அந்த மூச்சு என்னை எண்ணவே விடவில்லை. வாய்க்கால் கரையில் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. அவர் மனைவி முறத்தை என் பக்கம் நகர்த்தினார். இரண்டு பேரும் கடலை உரித்தோம்.

முக்கால் மணி நேரம் கழித்து விழித்தார். மாஸ்கைக் கழற்றிவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். பழக்கத்தில் வாய், "நான்" என்று தொடங்கிவிட்டது. அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"தூங்கிட்டனுங்க டீச்சர்" என்றார்.